கேட்டது ஒன்று, கிடைப்பது வேறு: தேடுபொறிகளும் பரிந்துரைகளும் நம் சொல்லை ஏன் பொருட்படுத்துவதில்லை?

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்காக, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் ஆடிய தெருக்கூத்தைப் பற்றி ஒரு பாடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று வழங்கும் அந்தக் கூத்தின் பழைய பதிவு ஒன்றேனும் கிடைத்தால், வேடம் கட்டுவதையும் அடவுகளையும் பிள்ளைகளின் கண்முன் காட்டலாமே என்று ஒரு பெரிய காணொளித் தளத்தில் தேடினேன். 'தெருக்கூத்து', 'டர்பன்', 'நேட்டால்' என்று மூன்று சொற்களையும் தமிழிலேயே இட்டேன்.

முதலில் தமிழ்நாட்டுக் கூத்துகள் இரண்டொன்று வந்தன. அவை பொருளோடு ஒட்டியவை. அதில் எனக்குக் குறையில்லை. அவற்றுக்குக் கீழே திரைப்பட நடனக் காட்சிகள் வரிசையாக நின்றன. அதற்கும் கீழே, உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை என்ற தலைப்போடு, சில நாள்களுக்கு முன் நான் பார்த்திருந்த சமையல் காணொளிகளின் உறவுக்காரக் காணொளிகள். பிறகு கைப்பேசி விமர்சனம் ஒன்று. டர்பன் என்ற சொல்லோ நேட்டால் என்ற சொல்லோ அந்தப் பக்கம் முழுவதும் எங்கும் இல்லை. திரைப்படக் காட்சிகளுக்கு 'ஆர்வமில்லை' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தேன். அழுத்தியவை மறைந்தன, மறுநாள் அதே படங்களின் வேறு காட்சிகள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. இரட்டை மேற்கோள் குறிக்குள் சொற்களை அடைத்து ஒரு பொதுத் தேடுபொறியிலும் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் முதல் பக்கத்தில் பாதி விளம்பரம், மீதியில் என் சொற்கள் இல்லாத பக்கங்கள்.

நான் தேடும் பதிவு இணையத்தில் இல்லாமலே இருக்கலாம். இல்லை என்று தெரிந்தால் பெரியவர்கள் வீட்டுப் பழைய ஒளிநாடாக்களைத் தேடிப் போவேன். உளுந்து இல்லை என்று சொல்லும் கடைக்காரர் மீது நமக்கு வருத்தம் வருவதில்லை; உளுந்து என்று எழுதிய பொட்டலத்தில் துவரையைக் கட்டிக் கொடுப்பவர் மீதுதான் வருகிறது. தெளிவாக, நிதானமாக, தட்டச்சு செய்து நான் கேட்ட சொற்களை ஓர் இயந்திரம் ஏன் ஓரத்தில் தள்ளிவைக்கிறது? 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் அதையே ஏன் திரும்பத் திரும்ப நீட்டுகிறது? இது என் ஒருத்திக்கு மட்டும் நேர்வதா, இல்லை உங்களுக்கும் நேர்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

டொங்காட் பெரியவர் எழுதியது:

அம்மா, உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்வதில்லை. நான் குடும்ப வேர் தேடுகிறவன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆளின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் என்று ஒரே வரியில் ஒரு மனிதரின் பூர்வீகம் முழுவதும் அதில் அடங்கியிருக்கும். என் பாட்டனாரின் தந்தைக்கு எதிரே மாவட்டம் வட ஆற்காடு என்று தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் அன்றைய எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருக்கிறார். அதே எழுத்துக்கூட்டலில் வேறு குடும்பத்தார் யாரேனும் எங்கேனும் எழுதியிருந்தால், அவர்களும் நாங்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதற்கு அது துப்பாகும்.

ஆகவே அந்தக் கோணல் எழுத்துக்கூட்டல்தான் எனக்கு ஆதாரம். தேடுபொறிக்கோ அது பிழை. பட்டியலில் உள்ளபடியே எழுதித் தேடினால், அதைத் தானாகத் திருத்தி, ஒலியில் சற்று நெருங்கிய பெரிய நகரம் ஒன்றின் பெயரைப் போட்டுக்கொண்டு, அந்த நகரத்தின் விடுதிகளையும் பேருந்து நேரங்களையும் காட்டுகிறது. 'இதற்குப் பதிலாக நீங்கள் எழுதியதைத் தேடுக' என்று பொடி எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்திய பிறகும் வரும் பக்கங்களைத் திறந்து உள்ளே தேடினால் அந்தச் சொல் இருப்பதில்லை. என் கண்பார்வைக்கு அந்தப் பொடி எழுத்து தெரிவதே பெரும்பாடு. நான் எழுதியது பிழையென்று முடிவு செய்ய அந்தப் பொறிக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஜோபர்க் மென்பொருளாளர் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கும் டொங்காட் ஐயாவுக்கும் வணக்கம். தேடல் தொடர்பான மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட தளங்கள் எவை என்று எனக்குத் தெரியாது. இந்தத் துறையில் பொதுவாக நடப்பதையும், நிறுவனங்களே வெளியிட்டவற்றையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

தொடக்க காலத் தேடுபொறியின் அடிப்படை, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போன்ற ஓர் அட்டவணை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் மூன்று சொல் கேட்டால், மூன்றும் உள்ள பக்கங்களை எடுத்து, எது மேலே எது கீழே என்று வரிசைப்படுத்திக் காட்டும். கூகுளில் ஒரு சொல்லுக்கு முன் கூட்டல் குறி இட்டால் அந்தச் சொல் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2011 அக்டோபரில் அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள்; மேற்கோள் குறியைப் பயன்படுத்துமாறு சொன்னார்கள். பிறகு 2013-இல் ஹம்மிங்பேர்ட், 2015-இல் ரேங்க்பிரெயின், 2019-இல் பெர்ட் என்று கூகுள் தன் தேடல் முறையில் செய்த ஒவ்வொரு மாற்றமும் சொல்லை விட்டுக் கருத்தை நோக்கி நகர்ந்தது. இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெர்ட் வந்தபோது கூகுள் காட்டிய எடுத்துக்காட்டு, பிரேசில் நாட்டவர் அமெரிக்கா செல்ல விசா வேண்டுமா என்ற கேள்வி. யார் எங்கே போகிறார் என்பதைக் காட்டும் சிறிய ஆங்கிலச் சொல்லைப் பழைய முறை கவனிக்காமல், அமெரிக்கர் பிரேசில் செல்வது பற்றிய பக்கத்தைக் கொடுத்தது. புதிய முறை அதைச் சரியாகப் பிடித்தது.

ஆனால் கருத்தை நோக்கி நகரும்போது, ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாக மாற்றப்பட்டு, அருகருகே இருக்கும் எண்வரிசைகள் எல்லாம் ஒரே பொருள் என்று கொள்ளப்படுகின்றன. அடிக்கடி வரும் சொற்களுக்கு இந்த எண்வரிசை நன்றாக அமையும். அரிதான ஊர்ப் பெயருக்கும், ஒரே ஓர் ஆவணத்தில் மட்டும் காணப்படும் எழுத்துக்கூட்டலுக்கும் அது மங்கலாகவே அமையும். அதோடு, கேட்ட சொற்கள் எல்லாம் உள்ள பக்கங்கள் குறைவாக இருந்தால், ஒன்றிரண்டு சொற்களை விட்டுவிட்டுத் தேடும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் விடப்படுவது அரிதான சொல். உங்கள் கேள்வியில் அது 'நேட்டால்'. நமக்கு உயிரான சொல் எதுவோ அதுவே பொறியின் கண்ணில் இடையூறாகத் தெரிகிறது.

பரிந்துரைகளின் கதை இன்னும் வேறு. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்துப் போட்டி நடத்தியபோது, பார்வையாளர்கள் தாங்களே கொடுத்த ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்களை முன்கூட்டியே கணிப்பதுதான் போட்டி. அதாவது, மனிதர் வாய்விட்டுச் சொன்ன தீர்ப்பு மையத்தில் இருந்தது. 2017-இல் அந்த நிறுவனமே நட்சத்திரங்களை நீக்கிவிட்டுக் கட்டைவிரல் குறிக்கு மாறியது. யூடியூப் 2012-இல் காணொளியைத் திறந்த எண்ணிக்கையை விட்டு, பார்த்த நேரத்துக்கு முதன்மை கொடுத்தது. அதன் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வுரையில், கட்டைவிரல் குறிகளும் கருத்துக் கேட்புகளும் இருந்தபோதிலும், பார்த்து முடித்ததையே விருப்பத்தின் அடையாளமாகக் கொண்டு பொறியைப் பயிற்றுவிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: பொத்தானை அழுத்துபவர்கள் மிகக் குறைவு; பார்ப்பவர்களோ எல்லோரும்.

ஆகவே, அம்மா, நீங்கள் சொன்னது ஒரு சிறு குறிப்பாகவும், உங்கள் விரலும் கண்ணும் செய்தது பெரிய சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உங்களைப் போன்றவர் என்று பொறி கருதும் மற்றவர்களின் பழக்கம் அதற்கு மேல் சேர்கிறது. தமிழில் தேடும் ஒருவரை அது கோடிக்கணக்கான தமிழ்நாட்டுப் பார்வையாளர்களோடுதான் சேர்த்துப் பார்க்கும். குவாசுலு-நேட்டாலில் தமிழில் தட்டச்சு செய்து தேடுபவர்கள் எத்தனை பேர்? அந்தப் பெருங்கூட்டத்தின் விருப்பத்துக்கு நடுவில் நம் குரல் எடுபடுவதில்லை.

பீனிக்ஸ் இல்லத்தரசி எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்த பிறகுதான் புரட்டாசி மாதத்தில் எனக்கு நேர்வது புரிந்தது. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. மருமகள் புதியவள் என்பதால், நாள்தோறும் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து சமையல் குறிப்புத் தேடுவோம். இங்கே கிடைக்கும் மடும்பிக் கிழங்கையும் சுகர் பீன்ஸையும் வைத்து, 'இறைச்சி இல்லாத' என்ற சொற்களையும் சேர்த்துக் கேட்டால், முதலில் வருவது ஆட்டிறைச்சியோடு சுகர் பீன்ஸ். அடுத்தது கோழி. 'இறைச்சி' என்ற சொல்லை அந்தப் பொறி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. 'இல்லாத' என்பதை மட்டும் விட்டுவிடுகிறது.

கைப்பேசியில் மளிகை வாங்கும் இடத்திலும் இப்படித்தான். முட்டை சேராத மாவுக் கலவை என்று கேட்டால், மேலே நிற்கும் வரிசை முழுவதும் பணம் கட்டி விளம்பரம் செய்தவர்களின் பொருள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கப் படத்தையும் பெரிதாக்கி, அதில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானங்களைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விரதம் எங்களுக்கு நம்பிக்கை சார்ந்தது. தெரியாமல் முட்டை சேர்ந்தால் மனம் சங்கடப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது. அந்தத் தாயும் இதே முறையில்தான் தேட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க் வாசகர் எழுதியது:

இழையில் எல்லோரும் ஒரு பக்கமே நிற்பதால், மறுபக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். சொன்ன சொல்லை மட்டுமே தேட வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றால், முதலில் அடிபடுவது தமிழ்தான். 'கோயில்' என்று ஒருவர் எழுதுவார்; இன்னொருவர் 'கோவில்' என்பார். 'கோயிலில்', 'கோயிலுக்கு', 'கோயிலிலிருந்து', 'கோயில்களைப்பற்றி' என்று ஒரே பெயர் வேற்றுமை ஏற்றுப் பல வடிவம் கொள்ளும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் பொறிக்கு இவை எல்லாம் வேறுவேறு சொற்கள். முன்பெல்லாம் தமிழில் தேடினால் விடையே வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை எப்படியோ எழுதுகிறார்கள். பொறி அதை ஊகித்துத் தமிழ்ப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. காவடிப் பாட்டு ஒன்றை முதல் அடி பாதி மட்டும் நினைவில் வைத்து, அதையும் தவறாகச் சொல்லிக் கேட்கும் என் மனைவிக்கு, சரியான பாட்டு வந்துவிடுகிறது. ஊகம் இல்லாவிட்டால் இந்த இருவருக்கும் இணையத்தின் கதவு அடைபட்டிருக்கும். பொறி ஊகிப்பதையே குற்றமாக்கிவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

மாரிட்ஸ்பர்க் ஐயா சொல்வதை மனமார ஏற்கிறேன். என் மாணவர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். நான் கேட்பது, ஊகிக்க வேண்டிய இடம் எது, கீழ்ப்படிய வேண்டிய இடம் எது என்ற வேறுபாடு காக்கப்பட வேண்டும் என்பது. பாதி நினைவில் பாட்டைக் கேட்பவர் உதவி நாடுகிறார், அவருக்காக ஊகிக்கலாம். மேற்கோள் குறி இடுபவரும், 'இல்லாத' என்று எழுதுபவரும், 'ஆர்வமில்லை' என்ற பொத்தானை அழுத்துபவரும் மெனக்கெட்டு ஒரு கட்டளை இடுகிறார்கள். அந்த மெனக்கெடுதலுக்கு மதிப்பு இருக்க வேண்டும். பொறி ஊகித்த இடத்திலும், இன்ன சொல்லை விட்டுவிட்டேன், இன்ன சொல்லாக மாற்றினேன் என்று கண்ணில் படும் அளவுக்குப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

இசிப்பிங்கோ கோயில் தொண்டர் எழுதியது:

எங்களுக்கு வரும் தொல்லையையும் இங்கே எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன். வீட்டில் நல்ல காரியம் வைத்திருப்பவர்கள் ராகு காலத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு கோயிலுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். டர்பன் என்று ஊரைக் குறிப்பிட்டே தேடியதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரமோ சென்னையின் நேரமாக இருக்கிறது.

இதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அத்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பகுத்து, கிழமைக்கு ஒரு பகுதியைக் கொள்வது. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பகுதி. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அத்தமனம் என்று வைத்துத்தான் காலை 7.30 முதல் 9 வரை என்ற பழகிய கணக்கு. டர்பனில் டிசம்பர் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. மாலை ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. அப்போது திங்கட்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 6.30-க்குத் தொடங்கி 8.20-க்குள் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் உதயமே 6.50 அளவில்தான், ராகு காலம் ஏறத்தாழ 8.10 முதல் 9.25 வரை. ஆக, சென்னைக் கணக்கை நம்பி ஜூன் மாதத் திங்கட்கிழமையில் காலை 9.05-க்குப் பூசை தொடங்குபவர், எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதற்குள்ளேயே தொடங்குகிறார்.

சென்னைக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு இருப்பதால் திதி முடியும் நேரமும் மாறும். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு எந்த நாள் என்பதே சில மாதங்களில் கேள்வியாகிவிடும். தோட்டக் குறிப்பும் அப்படியே. முருங்கைப் போத்து எப்போது நடலாம் என்று தமிழில் கேட்டால், வடகோளத்து மாதங்களைத்தான் சொல்கிறது. இங்கே அது குளிர்காலம். ஊர்ப் பெயரைக் கேள்வியிலேயே எழுதிக் கொடுத்த பிறகும் அது கவனிக்கப்படாமல் போவது எனக்குப் பெரிய மனக்குறை.

லெனேசியா சட்ட மாணவி எழுதியது:

பெரியவர்கள் அனுபவத்தைச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் நமக்கு என்ன பிடி இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022-ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, ஒரு தளத்தின் பரிந்துரை எந்த முதன்மை அளவுகோல்களின்படி அமைகிறது என்பதை எளிய மொழியில் சொல்லும்படி கட்டாயப்படுத்துகிறது. 38-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்குக் குறையாத மிகப் பெரிய தளங்கள், ஒருவரின் பழக்கங்களைத் தொகுத்து ஆளை வரையறுக்காத பரிந்துரை முறை ஒன்றையேனும் தெரிவாகத் தர வேண்டும். முதலில் அடையாளம் காணப்பட்ட பெரிய தளங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இந்தக் கடமைகள் பொருந்துகின்றன. ஆனால் அவை ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கான பாதுகாப்பு. ரீயூனியன் தீவு பிரான்சின் பகுதி என்பதால் அங்குள்ள நம் உறவினர்களுக்கு அந்தச் சட்டம் துணை நிற்கும். இந்து மாக்கடலின் இந்தக் கரையில் இருக்கும் நமக்கு நிற்காது.

நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமல்படுத்தப்படுகிறது. அதன் 71-ஆம் பிரிவு, இயந்திரம் தானாக எடுக்கும் முடிவுகளிலிருந்து ஒருவரைக் காக்கிறது. ஆனால் அந்த முடிவு சட்ட விளைவு உடையதாகவோ, ஒருவரைக் கணிசமாகப் பாதிப்பதாகவோ இருக்க வேண்டும். திரைப்படக் காட்சி மீண்டும் வருவதை அந்த அளவில் நிறுவுவது கடினம் என்பதே என் கருத்து. 23-ஆம் பிரிவு நமக்குக் கூடுதல் பயன் தரும்: ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை அது. நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் அறிந்தால், ஏன் இப்படிக் காட்டுகிறார்கள் என்று கேட்க ஒரு தொடக்கம் கிடைக்கும்.

வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் நம் நாட்டுப் போட்டி ஆணையம் இணைய இடைத்தரகுத் தளங்கள் பற்றிய தன் இறுதி அறிக்கையை 2023 ஜூலையில் வெளியிட்டபோது, கூகுள் தேடலில் விளம்பரத்துக்கான அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்றும், தென்னாப்பிரிக்கத் தளங்களைக் கொடி அடையாளம் கொண்டு பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. தேடல் பக்கத்தில் எது எப்படிக் காட்டப்பட வேண்டும் என்று நம் நாட்டு அமைப்பு ஒன்று தலையிட முடியும் என்பதற்கு இது முன்னுதாரணம். நம் 1996 அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, நாட்டில் வழங்கும் சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை மதித்து வளர்க்கும் பொறுப்பை மொழி வாரியத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாரியத்துக்கு நாம் எழுதலாம். ஒரு வெளிநாட்டுத் தளத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை; ஆனாலும் முறையீடு பதிவாக வேண்டும்.

ஜோபர்க் மென்பொருளாளர் எழுதியது:

தங்கையின் குறிப்பு மிகவும் பயனுள்ளது. சட்டம் வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு.

டொங்காட் ஐயா, கூகுளில் தேடிய பிறகு 'டூல்ஸ்' என்பதை அழுத்தினால், எல்லா முடிவுகளும் என்று இருக்கும் இடத்தில் 'வெர்பேட்டிம்' என்ற தெரிவு வரும். கூட்டல் குறியை எடுத்த அடுத்த மாதமே, 2011 நவம்பரில், அதைக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், ஒத்த பொருள் சொல்லைச் சேர்க்காமல் அது தேடும். ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக அழுத்த வேண்டியிருப்பது குறைதான். 2024 மே மாதத்தில் 'வெப்' என்ற தனித் தெரிவு ஒன்றையும் சேர்த்தார்கள். சுருக்க விடைகளும் காணொளிப் பெட்டிகளும் விலகி, இணைப்புகள் மட்டும் தெரியும்.

பீனிக்ஸ் அக்கா, 'இல்லாத' என்று எழுதுவதை விட, வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இடுங்கள். கோழிக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இட வேண்டும். ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் எந்தத் தேடலையும் நம்ப வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பதே பாதுகாப்பு.

ஆசிரியை அம்மா கேட்ட பொத்தானைப் பற்றி. மோசில்லா அறக்கட்டளை 2022-இல், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் தாமாக முன்வந்து கொடுத்த தரவைக் கொண்டு யூடியூபின் பொத்தான்களை ஆராய்ந்தது. 'ஆர்வமில்லை' என்பது வேண்டாத பரிந்துரைகளில் 11 விழுக்காட்டை மட்டுமே தடுத்தது. கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டுவது 12 விழுக்காடு. பார்த்த வரலாற்றிலிருந்து காணொளியை நீக்குவது 29. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பது 43. ஆகவே பொத்தான் அழுத்துவதானால் கடைசியில் சொன்னதை அழுத்துங்கள். மிகச் சிறந்த பொத்தானும் பாதியைக்கூடத் தடுக்கவில்லை என்பதைப் படித்தபோது, இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பொத்தானை வைத்த இடத்தில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. நம்பி அழுத்துபவருக்கு அது நிறைவேற்றப்பட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்தி, முன்பு சேர்ந்திருப்பதையும் அழித்துவிட்டால், 2023 ஆகஸ்ட் முதல் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவதில்லை. தேடல் பெட்டி மட்டும் இருக்கும். வகுப்பறையில் பிள்ளைகள் முன் திறக்கும் கணக்குக்கு இதுவே ஏற்றது என்பேன்.

டொங்காட் பெரியவர் எழுதியது:

தம்பி சொன்ன 'வெர்பேட்டிம்' தெரிவைப் பேத்தியின் உதவியோடு இட்டுப் பார்த்தேன். கிடைத்தவை நாலைந்து பக்கங்கள்தான்; எல்லாவற்றிலும் நான் எழுதிய எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கிறது. அவற்றில் ஒன்று வேறொரு கப்பலில் வந்த குடும்பத்தின் குறிப்பு. மாவட்டமும் வட ஆற்காடுதான். அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். இவ்வளவு நல்ல வசதியை மூன்று அழுத்தலுக்குப் பின்னே மறைத்து வைத்திருப்பது ஏன் என்பதே என் கேள்வி. கேட்டபடி தேடுவதை இயல்பாகவும், ஊகித்துத் தேடுவதைத் தெரிவாகவும் வைக்க முடியாதா?

ஜோபர்க் மென்பொருளாளர் எழுதியது:

முடியும், ஐயா. தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. நாலைந்து விடை உள்ள பக்கம் சீக்கிரம் மூடப்படும். நிறைய விடை உள்ள பக்கத்தில் விளம்பரங்களுக்கும் இடம் இருக்கும், ஆளும் நேரம் செலவிடுவார். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்லும் பக்கத்தைத் தோல்வியாகக் கணக்கிடும் வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கணக்கு மாறாதவரை தெரிவுகள் ஓரத்திலேயே இருக்கும்.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

மொழி வாரியத்துக்கும் போட்டி ஆணையத்துக்கும் அனுப்ப ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் இவற்றைக் கேட்கிறேன்: மேற்கோள் குறிக்குள் கேட்ட சொல் இல்லாத பக்கத்தை விடையாகக் காட்டக் கூடாது, ஒரு சொல்லை விட்டால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், 'வேண்டாம்' என்ற பொத்தான் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை நிறுவனங்களே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், ஊர் குறிப்பிட்டுக் கேட்டால் அந்த ஊரின் விடையைத் தர வேண்டும், இல்லையேல் இல்லை என்று சொல்ல வேண்டும். சட்டப் பிரிவுகளின் எண்களை லெனேசியா மாணவி சரிபார்த்துத் தந்தால் நன்றி உடையவளாக இருப்பேன். மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்னபடி, ஊகித்து உதவும் வசதி தொடர வேண்டும் என்பதையும் தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

இசிப்பிங்கோ கோயில் தொண்டர் எழுதியது:

கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. கோயில் குழுவிடம் பேசியதில் இன்னொன்றும் முடிவாயிற்று. டர்பன் உதய, அத்தமன நேரப்படி ராகு காலமும் எமகண்டமும் மாதவாரியாகக் கணித்து, கோயிலின் இணையப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடப்போகிறோம். படமாக இடாமல் எழுத்தாகவே இடுங்கள், அப்போதுதான் தேடலில் அகப்படும் என்று ஜோபர்க் தம்பி தனிச்செய்தியில் சொன்னார். பக்கத்தின் தலைப்பிலேயே ஊர்ப் பெயரும் ஆண்டும் இருக்கும். அடுத்து அமாவாசை நாள்களின் பட்டியலை இடுவோம். கணக்கைச் சரிபார்க்கப் பஞ்சாங்கம் அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.